காக்கைக் கூடும் என் மண்டையும்

கூடுவாஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் நகரில் இப்போது தெருவையெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மின்கம்பிகளை மண்ணுக்குள் புதைக்கப் போகிறார்களாம். இனிமேல் கம்பமும் கிடையாது, கம்பியும் கிடையாது. வேலைக்கு வந்திருந்த இளம் லைன்மேன்கள் இருவர், நானும் அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் வாசலில் நின்று பேச்சுக் கொடுத்தார்கள். "கம்பத்து மேல ஷாக்கைத் தவிர வேற எதுக்கு சார் பயந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"காக்காவுக்கு" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் குனிந்து என் வழுக்கையைக் காட்டினேன். அங்கே இருக்கும் தழும்புகளைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. அவர்களுக்கு நின்றபடி சொன்னதைத்தான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

கம்பம் ஏறுகிறவனுக்கு மின்சாரத்தைப் பற்றித் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அணிலையும் பல்லியையும் பற்றி ஐ.டி.ஐ.யில் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒரு பல்லி ஸ்விட்ச் பெட்டிக்குள் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே படுத்தால் போதும், தெரு முழுக்க ஃபேன் நின்றுவிடும். அணில் கம்பியின் மேல் நாள் முழுக்க ஓடலாம், ஒன்றும் ஆகாது. ஒரு கம்பியில் காலை வைத்துக்கொண்டு அடுத்த கம்பியை எட்டித் தொட்டால்தான் கதை முடியும். பாவம், பழந்தின்னி வௌவாலுக்கு அந்தப் பிழைப்பும் இல்லை. அதன் இறக்கை அகலத்துக்கு இரண்டு கம்பியும் சேர்ந்தே அகப்படும். செடிகொடிகளும் லேசுப்பட்டவை அல்ல. மழைக்காலத்தில் கோவைக்கொடி, கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டியிருக்கும் இழுகம்பியைப் பிடித்துக்கொண்டு கிடுகிடுவென்று மேலே போய்விடும். அதை அறுத்துப் போடும் நாளில் எங்கள் எல்லார் வீட்டிலும் கோவைக்காய்ப் பொரியல்தான்.

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவர் தேவசகாயம் சார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். திருமுடிவாக்கத்தில் நான் சேர்ந்தபோது சீனியர் லைன்மேன், பிறகு சேலையூர்ப் பக்கம் ஃபோர்மேன். சத்தம் போட்டுத் திட்டி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவ்வளவுதான். அவர் துடைக்கத் துடைக்க, என்ன தப்பு செய்தோம் என்று நாமே தேட ஆரம்பித்துவிடுவோம். கம்பத்தில் கால் வைக்கும் முன் மூன்று கேள்வி கேட்பார்: "எங்க ஆஃப்? யார் ஆஃப் பண்ணாங்க? எர்த் எங்க போட்டிருக்க?" பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவரே பக்கத்தில் நின்று பார்த்திருந்தாலும் சரி, மூன்றுக்கும் வாய்விட்டுப் பதில் சொன்னால்தான் இடுப்புக் கயிறு கைக்கு வரும். "சார், நீங்கதான் பார்த்தீங்களே" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். கண்ணாடி கழன்றது. அதற்குப் பிறகு சொன்னதில்லை.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில்தான் என் முதல் காக்கைக் கூட்டை இறக்கினேன். அது இறக்கும்போதே கனத்தது. கீழே கொண்டுவந்து பார்த்தால், அடேயப்பா, ஒரு சுள்ளிகூட இல்லை! பட்டறைகளில் வெட்டிப் போட்ட கட்டுக்கம்பி, லேத்தில் சுருண்டு விழுந்த இரும்புச் சீவல், வெல்டிங் குச்சியின் மிச்சம், நடுவில் முட்டைக்கு மெத்தையாக எண்ணெய் துடைத்த பழந்துணி. தேவசகாயம் சார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கம்பிகள் ஒன்றுக்குள் ஒன்று வளைந்து, மாட்டி, கையால் இழுத்தாலும் வராமல் பின்னிக் கிடந்தன.

"கை இல்லாம கட்டியிருக்குப்பா" என்றார். "நமக்கு ப்ளையர் குடுத்தாக்கூட இப்படி வராது."

ரசித்தார் என்பதற்காக விட்டுவைக்க மாட்டார். கம்பத்தின் மேல் இருக்கும் கூட்டில் இருந்து ஒரு கம்பி தொங்கினால் அடுத்த தூறலுக்கு மின்சாரம் போய்விடும். எந்தக் கூட்டை இறக்கினாலும் அதிலிருந்த கம்பியையெல்லாம் உருவி வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம். கீழே விட்டால் அதே காக்கை அதே கம்பியை எடுத்துப்போய் மறுபடியும் அதே கம்பத்தில் வைக்கும். கூடு என்றால் கம்பியை உருவு. எங்கள் கைக்கு அது பழகிப்போன வேலை.

சேலையூருக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் எனக்குச் சனி பிடித்தது. ஒரு தெருவில் கூடு ஒன்றை இறக்கினேன். மறுநாள் மீட்டர் பார்க்க அதே தெருவில் நடக்கிறேன், பின்னந்தலையில் சுரீர் என்று ஒரு அடி. திரும்பினால் காக்கை. தெருவில் நூறு பேர் போகிறார்கள், வருகிறார்கள்; அதற்கு நான்தான் வேண்டும். ஒரு வாரத்தில் அது தன் சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டது போலிருக்கிறது. நான் தெருமுனையில் திரும்பினாலே ஒன்று கத்தும், நாலு கிளம்பும்.

என்னோடு வேலை பார்த்த லைன்மேன் குமாருக்கு இது பெரிய வேடிக்கை. பட்டினப்பாக்கத்துக்காரன், வாய்த்துடுக்கு. "இன்னாண்ணா, காக்கா உன்ன மட்டும் கரீக்டா தேடிகினு வருது? கடன் எதுனா வாங்கினியா?" என்பான். அவனே ஒரு யோசனையும் சொன்னான். ஹெல்மெட்டையும் சட்டையையும் மாற்றிக்கொள்ளலாம், காக்கை ஏமாந்துவிடும் என்று. மாற்றிக்கொண்டோம். அவன் சட்டையில் என் தொப்பைக்குப் பொத்தான் சேரவில்லை. என் ஹெல்மெட்டோடு அவன் ராஜா மாதிரி முன்னால் நடந்தான், பின்னால் ஒதுங்கி நான். காக்கை அவனைத் தாண்டிப் பறந்துவந்து என்னை அடித்தது. அதற்கு ஹெல்மெட்டும் தெரியாது, சட்டையும் தெரியாது. என் மூஞ்சிதான் தெரியும்.

என் மனைவி வசந்தாவுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. காக்கை தலையில் அடித்தால் ஆகாது என்று சனிக்கிழமைதோறும் எள் விளக்கு போட்டாள். அதுவும் போதாதென்று குன்றத்தூர் மலைக்கு என்னை இழுத்துப்போய்ப் படியேற வைத்தாள். "தினமும் கம்பம் ஏறுறேன், இங்கயும் ஏறணுமா?" என்று கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எனக்கு விடிவு கொரோனாவில் வந்தது. ஊரே முகக்கவசம் போட்டது, நானும் போட்டேன். அந்தத் தெருவில் பயந்து பயந்து நுழைகிறேன், காக்கைகள் கம்பியில் உட்கார்ந்து சும்மா பார்க்கின்றன. ஒரு சத்தமும் காணோம்! டீக்கடையில் டீ குடிக்கக் கவசத்தைக் கீழே இழுத்தேன். அடுத்த நொடி டம்ளர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கொரோனா போய் எல்லாரும் கவசத்தைத் தூக்கிப் போட்ட பிறகும் அந்தத் தெருவுக்கு மட்டும் நான் அதை மாட்டிக்கொண்டுதான் போனேன்.

அந்தத் தெருவில்தான் எஸ்தர் டீச்சர் வீடு. ரிடையர் ஆன பள்ளிக்கூட டீச்சர். தினம் காலையில் மதில்மேல் காக்கைக்கு இட்லியோ சோறோ வைப்பார். "எங்க சர்ச்சில யாரும் அமாவாசைக்கு வைக்கச் சொல்லல தம்பி, அதுக்குப் பசிக்குமேன்னு வைக்கிறேன்" என்று சிரிப்பார். அவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, இரட்டைக் கம்பம் நட்டு ட்ரான்ஸ்பார்மர் வைத்திருந்தது. அதை நாங்கள் டி.பி. என்போம். ஊரார் கவசத்தைத் தூக்கிப் போட்ட ஆண்டின் கோடையில் டி.பி.யின் உச்சியில் காக்கை கூடு கட்டிவிட்டது. இரண்டு தூறலுக்கு இரண்டு முறை ஃபீடர், அதாவது அந்த வட்டாரத்துக்கே மின்சாரம் கொண்டுவரும் லைன், போனது. மூன்றாவது முறை போனதும் தேவசகாயம் சார், குமார், நான் மூவரும் வண்டியில் ஏணியோடு போய் இறங்கினோம்.

கயிற்றை எடுப்பதற்குள் டீச்சர் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவந்தார்.

"சார், கூட்டை எடுக்கத்தான் வந்தீங்களா?"

"ஆமாம்மா. கரண்ட் போய்ப் போய் வருது இல்ல" என்றார் தேவசகாயம் சார்.

"எடுக்காதீங்க சார். கொஞ்ச நாள் பொறுங்க, குஞ்சு பறந்துடட்டும்." டீச்சருக்கு மூச்சு வாங்கியது. ஜன்னலைக் காட்டினார். உள்ளே கட்டிலில் சாய்ந்தபடி அவர் கணவர் தங்கராஜ் சார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது எனக்குத் தெரியும். மிச்சத்தை டீச்சர் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்ததுல இருந்து சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டார். பேச்சு இல்ல. எக்சர்சைஸ் சொல்லிக்குடுக்க வர்ற பொண்ணுகிட்ட கையைக் குடுக்க மாட்டார். சாப்பாடுன்னா வாயை இறுக்கி மூடிக்குவார். இந்தக் காக்கா சுள்ளி கொண்டாந்து வைக்க ஆரம்பிச்ச அன்னைக்குத்தான் இந்தப் பக்கம் திரும்பினார். இப்ப அது குஞ்சுக்கு ஊட்டுறப்போ இவரும் வாயைத் திறக்கிறார். நான் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஸ்பூனை நீட்டுறேன். அதையும் எடுத்துட்டீங்கன்னா மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிடுவார் சார். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

தேவசகாயம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தடவை யார் மேல் கோபம் என்று எனக்குப் புரியவில்லை. துடைத்து மாட்டிக்கொண்டு, டீச்சரிடம் மெதுவாகச் சொன்னார்.

"மேல பாருங்கம்மா. அந்தக் கம்பி தொங்குது பாருங்க. அடுத்த மழைக்குக் கரண்ட் மட்டும் போவாது, குஞ்சும் அங்கயே கருகிடும். அதை சார் ஜன்னல்ல இருந்து பார்க்க வேணாம்."

டீச்சர் அண்ணாந்து அந்தக் கம்பியைப் பார்த்தார். தேவசகாயம் சார் டீச்சர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் இருந்த மாமரத்தைக் கவனித்தார். மின்கம்பிக்கு எட்டாத தூரம். ஜன்னலில் இருந்து நன்றாகத் தெரியும். "காய்கறிக் கூடை ஒண்ணு இருந்தா குடுங்கம்மா. எடம் மாத்திப் பார்ப்போம்" என்றார்.

"காக்கா ஒத்துக்குமா சார்?"

"தெரியலம்மா. செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்."

சப்-ஸ்டேஷனுக்குப் பேசி லைனை நிறுத்தினோம். ஸ்விட்சைத் திறந்து பூட்டுப் போட்டோம். மின்சாரம் மிச்சம் இல்லை என்று தடியால் கம்பியைத் தொட்டுப் பார்த்து, அதை மண்ணோடு இணைத்து எர்த் போட்டோம். மூன்று கேள்வி, மூன்று பதில். நான் ஏறினேன். முகக்கவசம் போட்டிருந்தேன், ஆனால் குஞ்சு இருக்கும் கூட்டுக்குக் கவசமாவது ஒன்றாவது! இரண்டு காக்கையும் மாறி மாறி ஹெல்மெட்டில் இறங்கின. குமார் கீழே இருந்து நீளத் துரட்டியில் கோணிப்பையைக் கட்டி என் தலைக்கு மேல் ஆட்டினான். நாலு தடவை காக்கையை விரட்டினான் என்றால் இரண்டு தடவை என்னை அடித்தான். எல்லா மாடியிலும் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கூட்டுக்குள் மூன்று குஞ்சுகள். இரண்டு கருகருவென்று இருந்தன. ஒன்று மட்டும் பழுப்பாக, உடம்பெல்லாம் புள்ளி. வாயை மட்டும் மற்ற இரண்டையும்விடப் பெரிதாகத் திறந்துகொண்டு கத்தியது. கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்கினேன். தேவசகாயம் சார் எட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார். "மூர்த்தி, இது குயில் குஞ்சு! அவ முட்டையைப் போட்டுட்டுப் போயிட்டா. இந்தக் காக்கா இன்னொருத்தி புள்ளைக்கும் சேர்த்துத்தான் உன் மண்டையை உடைக்குது."

நான் இறங்குவதற்குள் குமார் கூட்டைப் பிரித்து வேலையை முடித்துவிட்டான். நீல பிளாஸ்டிக் சுற்றிய துணி மாட்டும் ஹேங்கர், கட்டுக்கம்பி, இயர்போன் ஒயர், மூக்குக்கண்ணாடியின் ஒற்றைக் கை எல்லாம் வண்டிக்குள் போனது. சுள்ளியை மட்டும் கூடைக்குள் பரப்பி, தேங்காய் நார் வைத்து, குஞ்சுகளை உட்கார வைத்தோம். மாமரத்தின் கிளையில் கூடையை இறுக்கக் கட்டினேன். துப்புரவான கூடு. மின்சாரமும் வந்தது. மாடிக்காரர்கள் கைதட்டிவிட்டு டி.வி. பார்க்க உள்ளே போனார்கள்.

காக்கைகள் மட்டும் டி.பி.யை விட்டு நகரவில்லை. காலி இரும்புச் சட்டத்தின் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தன. மாமரத்தில் குஞ்சுகள் கதறுகின்றன. ஒன்று பறந்துவந்து கூடைக்குப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தது. பிறகு திரும்பப் போய் டி.பி.யில் உட்கார்ந்துகொண்டது. இப்படியே போவதும் வருவதுமாக இருந்தன. நான் டி.பி. பக்கம் நடந்தால் அடிக்க வந்தன. மாமரத்தில் ஏணி போட்டு ஏறி, குஞ்சுகளுக்கு நடுவே கையை விட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக என்னைக் கண்டாலே கொலைவெறியோடு வந்தவை, அன்று என்னைக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது; கூடையைத் தங்கள் கூடு என்று அவை நினைக்கவே இல்லை.

டீச்சர் கஞ்சிக் கிண்ணத்தோடு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். ஸ்பூனை நீட்டினார். தங்கராஜ் சார் வாயை மூடிக்கொண்டார். நீட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தேவசகாயம் சார் வண்டிப் படியில் உட்கார்ந்து மாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "குமாரு, அந்தக் கம்பியெல்லாம் எங்க?" என்றார்.

"வண்டியிலதான் கீது சார். ஸ்கிராப்புல போடலாம்னு."

"எல்லாத்தையும் எடுத்தா."

"இன்னா சார், திரும்ப கூட்டுலயேவா வைக்கப் போறீங்க? கம்பியை எடுக்கத்தானே வந்தோம்?"

"மரத்துக்கு ஏதுப்பா ஃபீடர்? மரத்துல கம்பி இருந்தா யாருக்கு என்ன? நமக்குத்தான் அது ஃபால்ட்டு. அதுக்கு அதுதான் வூடு. நாம வூட்டைப் பிச்சி எறிஞ்சிட்டு, கூடையை மாட்டி வுட்டிருக்கோம்."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று பேருக்கும் சேர்த்து எத்தனை வருஷ சர்வீஸ்! ஒருவருக்கும் தோன்றவில்லை. கூடு என்றால் கம்பியை உருவு என்று கை தானாகப் போய்விட்டது.

மறுபடியும் ஏணியில் ஏறினேன். எடுத்தபோது எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திக்கொண்டு, கட்டுக்கம்பியைக் கூடைக்குள் சுற்றி வளைத்தேன். சுள்ளியை அதற்குள் செருகினேன். நீல ஹேங்கர் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது நன்றாக நினைவிருந்தது. அதை அப்படியே டி.பி. பக்கம் பார்க்க வைத்தேன். "கண்ணாடிக் கையை வுட்டுட்ட பாருண்ணா" என்று குமார் அதையும் நீட்டினான். கூட்டைப் பிரித்தே பழகிய விரல்கள், கட்ட வரவில்லை. ப்ளையர் இருந்தும் வரவில்லை. ஒருவழியாக முடித்து இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. காக்கைகள் டி.பி.யிலேயே இருந்தன. நாங்கள் கிளம்பினோம். வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வசந்தா என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, காக்கா அடிக்கல" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மறுநாள் காலையில் டியூட்டிக்கு முன்னால் நேராக அந்தத் தெருவுக்கு வண்டியை விட்டேன். டி.பி.யில் ஒன்றும் இல்லை. மாமரத்தின் இலைக்கு நடுவே கூடை பாதிதான் தெரிந்தது. சத்தமும் இல்லை. குஞ்சுகள் இருக்கின்றனவா, பூனை கொண்டுபோய்விட்டதா, எதுவும் தெரியவில்லை. ஜன்னலில் தங்கராஜ் சார் சாய்ந்திருந்தார். டீச்சர் பக்கத்தில் இட்லித் தட்டோடு நின்றிருந்தார். தட்டில் இட்லி தொடாமல் இருந்தது.

நான் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டினேன். முகக்கவசத்தை இழுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கேட்டைத் திறந்து உள்ளே போய், மாமரத்தடியில், முழு மூஞ்சியும் தெரிய அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தலைக்கு மேல் இலை அசைந்தது. சத்தமே கொடுக்காமல் வந்து, உச்சந்தலையில், அம்மாடி, அப்படி ஒரு அடி! கண்ணில் பொறி பறந்தது. கையை வைத்தால் ரத்தம். குனிந்து நிமிர்வதற்குள் இன்னொரு அடி. கூடையில் மற்றொரு காக்கை வாயில் எதையோ வைத்துக்கொண்டு இறங்கியது. குஞ்சுகள் ஒரே கூச்சல். முதல் வாய் அந்தக் குயில் குஞ்சுக்குத்தான் போனது.

"ஐயோ தம்பி, ரத்தம் வருதே! தள்ளி வந்துடுங்க!" என்று டீச்சர் பதறினார்.

நான் நகரவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று சிரித்தேன். சிரிப்பை நிறுத்தவே முடியவில்லை. ஜன்னலில் தங்கராஜ் சாருக்கு ஒரு பக்கத்து உதடு கோணி, தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல கையைத் தூக்கி என் மண்டையைக் காட்டினார். வாய் இரண்டு மூன்று தரம் திறந்து மூடியது.

"அடி... அடிச்... சிடுச்சு" என்றார்.

டீச்சர் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா சார்" என்றேன். "நல்லா அடிச்சிடுச்சு."